சத்தியமங்கலம் வண்டியும் என் குடலும்

தனியார் பஸ் கண்டக்டருக்கு வாய் பெரிசாக இருக்கலாம், கைகூடக் கொஞ்சம் நீளமாக இருக்கலாம். வயிறு மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். தொண்ணூறுகளில் நான் காந்திபுரம் – சத்தியமங்கலம் வண்டியில் கண்டக்டர். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். எங்களுக்கு ஆறு நிமிஷம் பின்னால் இன்னொரு கம்பெனி வண்டி வரும். நடுவில் எங்காவது கூடுதல் நேரம் நின்றால் அவன் முந்திப்போய் நம் ஜனத்தை அள்ளிக்கொள்வான்.

அந்த வேலையில் இருந்தபோதுதான் எனக்குக் குரோன்ஸ் என்ற குடல் நோய் வந்தது. குடலில் புண் வரும், ஆறும், திரும்ப வரும். வலிக்கும், வயிற்றோட்டம் போகும், ஆள் இளைத்துப்போவான். கல்யாணத்துக்குக் கிளம்பும்போதே மண்டபத்தில் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று யோசிக்கிறவர் யாராவது இதைப் படித்தால், அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அவர் நம் ஆள்.

சோளக்காடு

வலி ஆரம்பித்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. சாப்பிடாமல் இருந்தால் சரியாக இருக்கும் என்று நினைத்து, காலை ட்ரிப்புக்கு வெறும் வயிற்றோடுதான் ஏறுவேன். அன்றைக்கு அதுவும் உதவவில்லை. கோவில்பாளையம் தாண்டியதும் ஈரத்துணியை முறுக்குகிற மாதிரி வயிற்றை முறுக்கியது. அன்னூர் வரைக்கும் தாங்காது என்று தெரிந்துவிட்டது. விசில் அடித்தேன். யாரோ இறங்கப்போகிறார்கள் என்று டிரைவர் மயில்சாமி அண்ணன் ஓரம் கட்டினார். இறங்கியது நான். முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தார். ரோட்டோரம் ஆள் உயரத்துக்குச் சோளக்காடு நின்றது. அதற்குள் ஓடினேன்.

திரும்பி வரும்போது வண்டியில் இருந்த அத்தனை பேரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாராவது சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. கால் நடுங்கியதில் படியில் ஏற முடியவில்லை. புளியம்பட்டிச் சந்தைக்குப் போகிற ஒரு பெரியவர் எழுந்து வந்து கையைக் கொடுத்தார். "பின்வண்டி நம்மளைத் தாண்டிப் போயிருச்சுங்க. இனி என்ன அவசரம், நெதானமா ஏறுங்க."

விரலும் நாக்கும்

முதலில் பார்த்த டாக்டர் குடல் டி.பி. என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு நோயும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்குமாம், பெரிய பெரிய டாக்டர்களே தடுமாறுவார்களாம். ஒன்பது மாசம் டி.பி. மாத்திரை சாப்பிட்டேன். வீட்டில் என் மனைவி சாந்தாமணி எனக்குத் தனித் தட்டு வைக்கவில்லை, நானாகத்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். மூன்று வயது மகளைத் தூக்குவதையும் நிறுத்திவிட்டேன். இந்த வகை தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்தான் நம்பவில்லை.

நானே நம்பாததை ஜனம் எப்படி நம்பும்? ஸ்டாண்டு டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு ஒரு வாரத்தில் சத்தி என்று நாங்கள் சொல்கிற சத்தியமங்கலம் வரைக்கும் போய்விட்டது. அந்தக் காலத்தில் கண்டக்டர்கள் நாக்கில் விரலைத் தொட்டுத்தான் டிக்கெட் கிழிப்போம். கை தானாகப் போகும், நினைத்தாலும் நிறுத்த முடியாது. தினமும் சரவணம்பட்டியில் ஏறுகிற ஒரு வாத்தியார், மரியாதையான மனுஷன், ஒரு நாள் நான் நீட்டிய டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையை மட்டும் நீட்டவில்லை. பிறகு தணிந்த குரலில் சொன்னார். "டிக்கெட்டு உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. செக்கிங் வந்தா நான் சொல்லிக்கறேன்."

பேர் வைத்தார்கள்

ஒன்பது மாசம் முடிந்தபோது நான் பதினோரு கிலோ குறைந்திருந்தேன். கோயமுத்தூரிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி வெள்ளையாக ஒன்றைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். இன்னொரு நாள் பின்வழியாகக் குழாயை விட்டுக் குடலைப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அங்கே குடல் வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா என்னையும் சாந்தாமணியையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். "இது டி.பி. இல்லீங்க. இதுக்குப் பேரு குரோன்ஸ். முழுசாக் குணமாகாது. ஆனா அடக்கி வைக்கலாம். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பக்கத்து பெட்காரருக்குக் குடுக்கறதை அப்படியே உங்களுக்குக் குடுக்க முடியாது. நீங்க தினமும் எழுதணும். எத்தனை தடவை போனீங்க, எங்க வலிச்சது, என்ன சாப்பிட்டீங்க, எடை எவ்வளவு. அதைப் பாத்துத்தான் நான் மாத்திரையைக் கூட்டிக் கொறைக்க முடியும்."

எனக்குப் பாதி காதில் ஏறவில்லை. முழுசாகக் குணமாகாது என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். சாந்தாமணி மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பை மடியில் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டாள். "பேரு தெரிஞ்சு போச்சுங்க டாக்டரம்மா. தனித் தட்டை எடுத்து உள்ள வெச்சுப்போடலாமுங்களா?"

மூன்று அன்னூர்

எழுதுவது எனக்குப் புதிதல்ல. ட்ரிப் ஷீட் எழுதுகிற கை. ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு, ட்ரிப் வாரியாக எழுதிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அதைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். நோட்டை வைத்து அவர் சிலதைக் கண்டுபிடித்தார். பால் சாப்பிட்ட மறுநாளெல்லாம் எனக்கு ஓட்டம் கூடியிருந்தது, பாலை நிறுத்தினார். அதிகாலை வண்டிக்கு ஓடுகிற வாரங்களில் மாத்திரை தவறியிருந்தது; நேரத்தை மாற்றிக் கொடுத்தார். ஆனாலும் வலி திடுதிப்பென்றுதான் வரும். நான்கு நாள் லீவு, மறுபடியும் எடை இறங்கும்.

ஒரு தடவை தனியாக நடக்க முடியாமல் மயில்சாமி அண்ணனைத் துணைக்கு அழைத்துப் போனேன். அவர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் ஒண்ணு சொல்லலாமுங்களா?" என்றார். "நான் உள்கண்ணாடியில இவனைப் பாத்துட்டேதானுங்க ஓட்டறேன். நல்லா இருக்கற அன்னிக்கு, அன்னூரு அன்னூரு அன்னூருன்னு மூணு தடவை கூப்புடுவான். வலி வாரதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு தடவையோட நிறுத்திக்குவான். கம்பியைக் கீழாலே புடிச்சு நிப்பான். அவனுக்கே தெரியாதுங்க." டாக்டரம்மா நோட்டைப் புரட்டி, போன மாசம் வலி வந்த தேதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணன் யோசித்து யோசித்துச் சொன்னார். அத்தனையும் ஒத்துவந்தது. இனி நான் ஒரு தடவைதான் கூப்பிடுகிறேன் என்று தெரிந்தால், வலிக்குக் காத்திராமல் அன்றைக்கே வந்து சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா பேனாவை மூடினார். "ஆறுச்சாமி, நோட்டை மறந்தாலும் பரவாயில்லை. இவரை மறக்காமக் கூட்டிட்டு வாங்க."

தெளிச்சி

ஸ்டீராய்டு மாத்திரை கொஞ்ச நாள் கொடுத்தார்கள். வலி நின்றது, பசி எடுத்தது, முகம் மட்டும் பானை மாதிரி ஊதிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு பணக்கார மாமா நிற்கிற மாதிரி இருக்கும். அது மாத்திரையின் வேலை, குறைத்ததும் வடிந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தான் போட முடியவில்லை. சாந்தாமணி பொத்தானைப் பிரித்துத் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பாமலேயே கண்ணைத் துடைத்தாள். அன்றைக்கு சத்தியில் பூக்கூடையோடு ஏறுகிற அம்மா, டி.பி. பேச்சு வந்த நாளிலிருந்து என் கையில் தராமல் சில்லறையை சீட்டில் வைத்துவிடுகிற அதே அம்மா, முதல் தடவையாகக் கையில் கொடுத்தார். "இப்பத்தானுங்க கண்டக்டரு தெளிச்சியா, ஆளாட்டம் இருக்கீங்க."

ஜப்பார் பாய்

ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வந்து, வேறொரு மாத்திரையை ஆரம்பித்தார்கள். அது ரத்தத்தில் வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும், அதனால் மாசாமாசம் ரத்தப் பரிசோதனை. அந்த வரிசையில்தான் ஜப்பார் பாயைப் பார்த்தேன். கோட்டைமேட்டில் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். என் வயசு, என் நோய், என் மாத்திரை, என் டாக்டரம்மா. ஒரே நாளில் ஆரம்பித்திருந்தோம். எனக்குப் பால் ஆகாது, அவர் தயிர் பால் எல்லாம் சாப்பிடுவார். நான் வாழைப்பழத்தில் உயிர் வாழ்ந்தேன், அவருக்கு வாழைப்பழம் என்றால் முறுக்கும். எனக்கு மாத்திரை பிடித்துக்கொண்டு எடை ஏறியது. அவருக்கு வெள்ளணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். இத்தனைக்கும் அவர் நோட்டு என்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கும். கடிகாரக்காரர் எழுத்து, எறும்பு மாதிரி, நிமிஷக் கணக்கோடு.

ரம்ஜான் வந்தது. நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு என்று பள்ளிவாசலிலும் சொல்லியனுப்பினார்களாம். அந்த மாசம் ரத்தம் கொடுக்கப் போன அன்றைக்கு அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு இட்லிக்கு மேல் இறங்கி மாசக்கணக்காகிறது என்றார். பிறகு, எதிர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நோன்பு வைக்காதீங்கங்கறாங்க. வருசம் பூரா நான் வெச்சுட்டுத்தானுங்க இருக்கேன் கண்டக்டரே, அதைக் கணக்குல எடுப்பாங்களா?"

அடுத்த டோக்கன்

அதற்கு இரண்டு மாசம் கழித்து நான் போனபோது பாயைக் காணோம். வழக்கமாக அவர்தான் எனக்கு முன்னால் வந்து நாற்காலி பிடித்து வைப்பார். ரத்தம் எடுக்கிற சிஸ்டரிடம், "பாய் வரலீங்களா?" என்று கேட்டேன். "அவருக்கு இனி டெஸ்ட் கிடையாதுங்க," என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். "பரவாயில்லையே, சரியாப் போயிருச்சுங்களா? எந்த மாத்திரையில கேட்டுச்சு?" என்று கேட்டுவிட்டேன். சிஸ்டர் என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார், நரம்பைத் தேடினார். தலை குனிந்தே இருந்தது. எனக்குப் புரிந்து, கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். "கையை மடக்காதீங்க," என்றார்.

திரைக்குப் பின்னால்

விலாசம் வாங்கிக்கொண்டு கோட்டைமேட்டுக்குப் போனேன். பாயின் அண்ணன் உட்காரவைத்தார். மாத்திரையை நிறுத்திய பிறகு நோய் திரும்ப முற்றி, குடல் ஓட்டையாகிவிட்டதாம். ஆபரேஷன் செய்தார்களாம், காய்ச்சல் நிற்கவில்லையாம். எட்டாம் நாள் போய்விட்டாராம். மேஜை மேல், திறந்தபடி நான்கு கடிகாரங்கள் இருந்தன. வாங்கிப்போக ஆட்கள் வருவார்கள், எதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை என்றார் அண்ணன்.

பாயின் மனைவி இத்தாவில் இருந்தார்; கணவர் இறந்து நான்கு மாசம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். அறைக்குக் குறுக்கே ஒரு பச்சைத் திரை தொங்கியது. உள்ளேயிருந்து டீ வந்தது, பால் போடாத டீ. எனக்குப் பால் ஆகாது என்பது பாய் சொல்லித்தான் அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நான் எழுந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. குற்றம் சொல்கிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்தான். "உங்களுக்கும் அதே மாத்திரைதானுங்களே?"

எழுதிய பொய்

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாத்திரையை உரித்தேன், போட முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. மூன்று மாசம் போடவில்லை. நோட்டில் மட்டும், மாத்திரைக் கட்டத்தில் ஒரு நாள் விடாமல் டிக் அடித்தேன். ரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை, லீவு கிடைக்கவில்லை என்று சாந்தாமணியிடம் சொன்னேன். மயில்சாமி அண்ணன் இரண்டு தடவை வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார். "தம்பி, ஒரு அன்னூருதான் வருது. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அவர் என்னை நம்பவில்லை. இருந்தாலும் என்ன செய்வார், ஸ்டீயரிங்கை விட்டுவிட்டா வருவார்?

நான்காவது மாசம் குடல் சுருங்கி அடைத்துக்கொண்டது. குடித்த தண்ணீரும் வாந்தியாக வந்தது. ஆபரேஷன் செய்து குடலில் இரண்டடி வெட்டி எடுத்தார்கள். கண் விழித்த மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்தார். சாந்தாமணி நோட்டை எடுத்து நீட்டினாள். அவர் கடைசி மூன்று மாசப் பக்கங்களைப் பார்த்தார், மாத்திரை வாங்காத மருந்துச் சீட்டையும் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஜப்பார் பாய் வீட்டுக்குப் போனதை நானே சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அவரு உண்மையை எழுதினாரு, என்னால காப்பாத்த முடியலை. நீங்க பொய் எழுதினா நான் யாருக்குங்க வைத்தியம் பாக்கறது?"

புதுக் கண்டக்டர்

அதற்குப் பிறகு மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள், பாதி அளவில், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துப் பார்த்து. உடம்பு தேறியது. ஆனால் நின்றுகொண்டே போகிற வேலைக்கு இனி லாயக்கில்லை என்று மேனேஜர் முடிவு செய்து, காந்திபுரம் ஸ்டாண்டில் டைம்கீப்பராக உட்காரவைத்தார். எங்கள் கம்பெனி வண்டிகள் வருகிற போகிற நேரத்தை எழுத வேண்டும். ஜன்னலுக்குள் உட்கார்ந்து, நான் ஏறி இறங்கிய வண்டி கிளம்புவதைத் தினமும் மூன்று தடவை எழுதினேன். படியில் வேறொருத்தர் தொங்கிக்கொண்டு போவார்.

மயில்சாமி அண்ணன் நேரம் போட வரும்போதெல்லாம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். ஒரு நாள் அந்தப் புதுக் கண்டக்டர் வண்டி மாற்றிக் கேட்கிறார் என்று கேள்விப்பட்டு, என்ன சண்டை என்று விசாரித்தேன். சண்டையெல்லாம் இல்லை என்று அண்ணன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லை தம்பி. ஏனுங்கண்ணா நான் என்ன தப்புப் பண்ணுனேன், கண்ணாடியில என்னையே பாக்கறீங்கன்னு கேக்கறான்."

சாவி

டைம்கீப்பர் அறைக்குப் பின்னால், ஸ்டாஃபுக்கு மட்டும் ஒரு கக்கூஸ் உண்டு. சாவி என்னிடம் இருக்கும். அன்னூர்ப் பக்கத்திலிருந்து காலேஜுக்கு வருகிற ஒரு பெண்ணை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். வண்டி நிற்பதற்குள் இறங்கி, பொதுக் கழிப்பிடத்துக்கு நடப்பாள். ஓடமாட்டாள். ஓடினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களின் நடை அது. வாரா வாரம் துப்பட்டாவுக்குள் ஆள் சின்னதாகிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவள் அப்பாவும் கூட வந்திருந்தார். கழிப்பிடத்தில் பெரிய வரிசை. அவள் என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை. நான் எதுவும் கேட்காமல் சாவியை நீட்டினேன்.

அப்பா வந்ததும் என் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். இது என்னுடைய நோயா என்று எனக்குத் தெரியாது, ஆனால் பார்க்காமல் விடக்கூடாது என்று சொல்லி, டாக்டரம்மா பேரை எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாலுபக்கமும் பார்த்தார். "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இந்த வண்டியிலதானுங்க போய்வாராங்க. யாராச்சும் கேட்டா, பாப்பா கால் கழுவப் போனான்னு சொல்லிப்போடுங்க." எனக்கு இருந்ததையெல்லாம் நான் மறைத்து என்ன ஆனது என்று மறுபடியும் ஆரம்பித்தேன். அவர் கும்பிட்டுவிட்டு பஸ் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பெண் வந்து கழுவிய கையோடு சாவியை ஜன்னலில் வைத்தாள். அப்பா எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "நாளைக்கும் இங்க நீங்கதானுங்களே இருப்பீங்க?"

டிக்கெட் எடுக்காத எத்தனையோ பேரை என் சர்வீஸில் நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறேன், இந்த ஒரு நோயைத்தான் நான் இறங்குகிற இடம் வரைக்கும் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.